மாற்றிப் பார்க்க இன்னொன்று வேண்டும்

பாகங்கள் வாங்கிப் புதிதாகப் பூட்டிய கணினி அடிக்கடி நின்றுபோகும்போது ஆய்வு மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘எதை மாற்றலாம்?’ என்பதே. எது பழுது என்பதை எவ்வாறு அறிந்தோம் என்ற கேள்வி அதற்கு முன்னரே எழ வேண்டும் என்பது என் கருத்து.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புற ஊர்களில் இச்சிக்கலுக்குத் தனி முகம் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கடைத்தெருவுக்கு அந்த எல்லை ஒரு பொருட்டில்லை. விலை பார்த்து மதர்போர்டை நாகர்கோவிலிலும், ரேமையும் பவர் சப்ளையையும் திருவனந்தபுரத்திலும் வாங்குகிறோம். இயந்திரம் நின்றுவிட்டால் ஒவ்வொரு கடையும் மற்ற கடை விற்ற பாகத்தைக் கைகாட்டும். இரண்டு பில்களோடு களியக்காவிளையைக் கடந்து அங்கும் இங்கும் அலைவது மாணவர் பாடு.

இந்த அலைச்சலில் பிழைச்செய்தியும் பெரும்பாலும் துணைசெய்வதில்லை. விண்டோஸ் பதிவேட்டில் காணப்படும் ‘கெர்னல்-பவர் 41’ என்ற குறிப்பைப் பார்த்ததும் பவர் சப்ளையை மாற்றிவிடுவோர் பலர். இயந்திரம் முறையாக மூடப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பதற்கு மேல் அக்குறிப்பு எதையும் உறுதிப்படுத்தவில்லை. அது விளைவைச் சொல்கிறது. காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறைச் செயலிகளின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அச்செயலிகள் பொருத்திய புதிய கணினிகளில் விளையாட்டு மென்பொருள்கள் திரும்பத் திரும்ப முறிந்தன. திரையில் வந்த செய்தியோ வீடியோ நினைவகம் போதவில்லை என்றது. பலரும் கிராபிக்ஸ் அட்டையைச் சந்தேகித்தனர். செயலி அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்று நாளடைவில் தன்னையே சிதைத்துக்கொண்டது என்பது 2024இல்தான் தெளிவாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் திருத்தம் வெளிவந்தது; உத்தரவாதமும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. எனினும் முன்பே சேதமடைந்த செயலியை அத்திருத்தத்தால் மீட்க இயலாது.

இதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்னர், 1994இல், அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். விடைகள் ஒத்துவரவில்லை. தம் நிரலையும் இயந்திரத்தின் பிற பாகங்களையும் ஒவ்வொன்றாக விலக்கி, மற்றக் கணினிகளிலும் அதே கணக்கை இட்டுப் பார்த்து, பென்டியம் செயலியின் வகுத்தல் பிழையை அவர் கண்டறிந்தார். அந்த இயந்திரம் நின்றுபோகவே இல்லை. தவறான விடையைத் தயங்காமல் தந்துகொண்டிருந்தது. ஆய்வாளர் அஞ்ச வேண்டியது இதற்கே. நிலையற்ற கணினி பத்து முறை முறிந்தால் நமக்குத் தெரியும். பதினோராம் முறை முறியாமல் ஓர் எண்ணைப் பிழையாக எழுதியிருந்தால், அது ஆய்வேட்டின் அட்டவணையில் அமர்ந்துவிடும்.

நைஸ்லியிடம் ஒப்பிட்டுப் பார்க்க வேறு கணினிகள் இருந்தன. நம் ஊர் மாணவரிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதைக்கொண்டு அவர் செய்யக்கூடியவை சில உண்டு: பயாஸைப் புதுப்பித்து இயல்புநிலைக்குக் கொண்டுவரலாம். ரேமின் எக்ஸ்எம்பி அமைப்பை நிறுத்தலாம். பெட்டியில் அச்சிட்ட 6000 என்ற வேகம் பெரும்பாலும் அந்த அமைப்பால் கூட்டப்பட்டதே. ஒரு நேரத்தில் ஒரு ரேமை மட்டும் செருகி, இரவு முழுவதும் மெம்டெஸ்ட் ஓட்டலாம். ஒருமுறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, நாளும் நேரமும் குறித்து வைக்கலாம். துலாமாத இடிமழையில் வீட்டு மின்சாரம் தடுமாறும் வேளையில் மட்டும் நிற்கிறதா, வெயில் நண்பகலிலும் நிற்கிறதா என்பதை அந்தக் குறிப்பேடே காட்டிக்கொடுக்கும்.

இவற்றுக்குப் பிறகும் பழுது நீடித்தால், பழுதற்றதென்று தெரிந்த பாகம் ஒன்றைப் பொருத்திப் பார்ப்பதைவிட நம்பகமான வழி வேறில்லை. அதற்காக உதவித்தொகையில் வாழும் மாணவர் இன்னொரு பவர் சப்ளையை விலைகொடுத்து வாங்க இயலுமா?

ஆகவே துறைகளிடம் கேட்பது சிறிய உதவிதான். ஒரு பவர் சப்ளை, ஓர் இணை ரேம், ஒரு கிராபிக்ஸ் அட்டை ஆகியவற்றைச் சோதித்து வைத்து, நூலகம் நூல் தருவதுபோல் மாணவர்க்கு ஒரு வாரம் இரவல் தரலாம். கணிப்பைச் சார்ந்த ஆய்வேடுகளில் முதன்மை முடிவுகளை இரண்டாவது கணினி ஒன்றிலும் ஓட்டிச் சரிபார்க்க நெறியாளர்கள் வலியுறுத்தலாம். அதற்குரிய நேரத்தைத் துறைக் கணினியில் ஒதுக்கலாம். வேதியியல் ஆய்வகத்தில் தராசைச் சரிபார்க்காமல் எடை குறிக்க எவரும் ஒப்புவதில்லை. மாணவர் சொந்தப் பணத்தில் வாங்கிப் பூட்டிய கணினியும் ஓர் ஆய்வுக் கருவியே. அதைச் சரிபார்க்கும் பொறுப்பை அவர் தலையில் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது.