உறங்கும் கணனியும் வராத கடிதமும்

கடிதம் வராவிட்டால் சுகமாக இருக்கின்றார்கள் என்று எண்ணிக்கொள்வது எங்கள் வீடுகளிற் பழைய வழக்கம். தூரதேசத்திலிருக்கும் பிள்ளையிடமிருந்து ஒரு மாதம் செய்தி இல்லையென்றால், "வருத்தம் கிருத்தம் எண்டால் எழுதியிருப்பான்தானே" என்று தாய் தன்னைத் தேற்றிக்கொள்வாள். எழுத இயலாத நிலையிற் கிடப்பவனும் எழுதமாட்டான் என்பதை அந்தத் தேறுதல் மறைத்துவிடுகின்றது. இவ்வுண்மையை எனக்கு ஒரு கணனி கற்பித்தது.

என் தமையனாரின் மகள் பல்கலைக்கழக மாணவி. அவர்கள் வீட்டிலே ஒரு பழைய கணனி உண்டு. அவளுடைய ஆய்வுக்கட்டுரை அதிலேதான் இருந்தது. காலஞ்சென்ற எங்கள் தாயாரின் புகைப்படங்களும் அதிலேதான் இருந்தன. அது லினக்ஸில் இயங்குவது. அதன் நலத்தை நாடோறும் எனக்கு மின்னஞ்சலில் அறிவிக்கும்படி ஓர் ஏற்பாடு செய்துகொடுத்தேன். கணனி தனக்குள் நிகழும் ஒவ்வொன்றையும் ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேயிருக்கும். லொக்வாட்ச் என்னும் செயலி அந்த ஆயிரக்கணக்கான வரிகளையும் படித்துச் சுருக்கி அனுப்பும். வட்டு பழுதடைகின்றதா, இடம் நிரம்புகின்றதா, அந்நியர் எவரேனும் உள்ளே நுழைய முயன்றனரா என்பனவெல்லாம் அச்சுருக்கத்தில் அடங்கும்.

மூன்று மாதமாக ஒரு கடிதமும் வரவில்லை. அவளிடம் விசாரித்தபோது, "பயப்படாதேங்கோ சித்தப்பா, பிழையெண்டால் அது எழுதும்தானே" என்றாள். நானும் தலையசைத்துவிட்டு வந்தேன். நான்காம் மாதம் வட்டு நின்றுவிட்டது. அதை வேறொரு கணனியில் இணைத்து, படிக்கக்கூடிய பகுதியைப் படித்துப் பார்த்தேன். படிக்கவியலாத துண்டங்கள் தோன்றியுள்ளன என்று நாட்குறிப்பிலே பல வாரங்களாக எழுதப்பட்டிருந்தது. நோயாளி முறையிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கின்றது. முறைப்பாட்டைச் சுமந்துவர ஆள் இல்லை. கட்டுரையின் பழைய பிரதியொன்று அவளுடைய சிநேகிதியிடம் இருந்தது. தாயாரின் படங்களிற் பாதி போய்விட்டன. தவறு என்னுடையதே.

தவறு எங்கே நேர்ந்தது? யூனிக்ஸ் வழிவந்த கணனிகளிலே, குறித்த நேரத்திற் குறித்த பணியைச் செய்விப்பது குரோன் என்னும் செயலி. காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஒட்டியது அப்பெயர். 1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அது இருந்தது. 1987இல் போல் விக்சி என்பார் எழுதிய வடிவமும் அதன் வழிவந்தனவும் பின்னர்ப் பலவிடத்தும் பரவின. அக்காலக் கணனிகள் நிறுவனங்களின் அறைகளில் இரவும் பகலும் இயங்கியவை. ஆகவே குரோன் ஒரு காவற்காரனைப் போல மணிக்கூட்டை மட்டுமே பார்க்கும். மணி வந்தாற் பணியைச் செய்யும். அந்நேரத்தில் கணனி உறங்கினால் அப்பணி அன்றைக்கு இல்லாமற் போகும். விழித்த பின்னர் விட்டதை எண்ணிப் பார்க்கும் வழக்கம் அதற்கு இல்லை. அந்த வீட்டுக் கணனியில் இருந்த டெபியன் லினக்ஸ், அன்றாடப் பணிகளைக் காலை 6.25க்கு வைத்திருந்தது. அவளோ மாலை ஆறு மணிக்குப் பின்னரே கணனியைத் திறப்பாள். பத்து மணிக்கு அணைத்துவிடுவாள். காலை 6.25ஐ அக்கணனி ஒருநாளேனும் கண்டதில்லை.

இது அவளுடைய வீட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றதை நாம் அறிவோம். எந்நேரமும் விழித்திருக்கும் கணனியை நம்பி வகுத்த ஏற்பாடு நம் வீடுகளுக்குப் பொருந்தாது.

இதற்கு மருந்தாக அமைந்தது அனாக்குரோன். அது பால்காரரின் கணக்குக் கொப்பியைப் போன்றது. மணி என்னவென்று அது கேட்பதில்லை. இப்பணி கடைசியாகச் செய்யப்பட்ட நாள் எது என்றே கேட்கும். ஒவ்வொரு பணிக்கும் அந்தத் திகதியை ஒரு சிறு கோப்பில் எழுதிவைத்திருக்கும். கணனி விழித்ததும் அத்திகதியை இன்றைய திகதியோடு ஒப்பிட்டுப் பார்த்து, தவணை கடந்திருந்தாற் பணியைச் செய்விக்கும். அதன் அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் நான்கு கூறுகள் உள: எத்தனை நாளுக்கொருமுறை, விழித்தபின் எத்தனை நிமிடம் பொறுத்து, பணியின் பெயர், செய்யவேண்டிய கட்டளை. நிமிடம் பொறுப்பது, திறந்தவுடனே கணனி திணறாதிருக்கும் பொருட்டு. புதிய லினக்ஸ் தொகுதிகளிலுள்ள சிஸ்டெம்டி என்பதன் நேரங்காட்டிகளும் இவ்வேலையைச் செய்யும். அங்கே 'பேர்சிஸ்டென்ட்' என்னும் அமைப்பை 'ஆம்' என்று வைத்தல் வேண்டும்.

இவ்வளவோடு காரியம் முடிந்ததென்று எண்ணலாகாது. இரண்டாம் முறை ஏற்பாடு செய்தபோது நான் கண்ட மூன்று பள்ளங்களை மாணவர்களுக்குச் சொல்லிவைக்கின்றேன்.

முதலாவது: ஐந்து நாள் தவறினால் அனாக்குரோன் ஐந்துமுறை செய்யாது, ஒருமுறையே செய்யும். லொக்வாட்சோ, வேறு சொல்லாவிட்டால், நேற்றைய நாளை மட்டுமே படிக்கும். திங்கட்கிழமை இயங்கிய கணனியை வெள்ளிக்கிழமை திறந்தால், அது உறங்கிக்கிடந்த வியாழக்கிழமையைப் பற்றி வெற்று அறிக்கை வரும். திங்கட்கிழமை நிகழ்ந்த பிழை எவர் கண்ணிலும் படாது. ஆகையால் சென்ற ஏழு நாளையும் படிக்கும்படி வீச்சை மாற்றவேண்டும். அதற்குப் பேர்ள் மொழியின் டேட் மனிப் என்னும் துணைத்தொகுதி தேவை. சில செய்திகள் திரும்பத் திரும்ப வரும், வரட்டும். ஏழு நாளுக்குமேல் அணைத்துவைக்கும் வீட்டில் வீச்சை இன்னும் நீட்டுதல் நன்று.

இரண்டாவது: அறிக்கை ஆயத்தமாகும் வேளையில் இணையம் இல்லாதிருக்கலாம். போஸ்ட்பிக்ஸ் போன்ற அஞ்சற் செயலி கடிதத்தை வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். வழக்கமான அமைப்பில் 5 நாள் வரை முயன்றபின் கைவிடும். வரிசையே வைத்துக்கொள்ளாத எளிய செயலிகளில், முதன்முயற்சி தோற்றாற் கடிதம் தொலைந்தது.

மூன்றாவது: மடிக்கணனி மின்கலத்தில் இயங்கும்போது பல லினக்ஸ் தொகுதிகள் அனாக்குரோனைத் தொடங்குவதில்லை. மின்சாரத்தோடு இணைத்த பின்னரே அது எழும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கடிதத்தைப் பெறுபவனுடைய கடமை. பிழை நேர்ந்தால் மட்டும் எழுது என்று கணனிக்குச் சொல்லற்க. பிழை இல்லையென்றாலும் 'நலம்' என்று ஒரு வரி எழுதச் சொல்லுக. அந்த வரி வராத நாட்களை எண்ணுக. வாயடைத்துப்போன கணனி தான் வாயடைத்துப்போனதைத் தானே சொல்லாது; மற்றோரிடத்தில் இருப்பவர்தாம் அதை உணரவேண்டும்.

இப்பொழுது அவள் வீட்டுக் கணனி மாலை திறந்து சிறிது நேரத்தில் எனக்குக் கடிதம் எழுதுகின்றது. ஏழு நாள் வராவிட்டால் நான் தொலைபேசியில் அழைப்பேன் என்பது எங்களுக்குள் உடன்பாடு. சென்ற மாதம் அப்படி அழைத்தேன். "பரீட்சை முடிஞ்சு எல்லாரும் ஊருக்குப் போயிருந்தனாங்கள் சித்தப்பா, கணனி சுகந்தான்" என்றாள். அந்த அழைப்பு வீண் என்று நான் நினைக்கவில்லை.

வீட்டில் இத்தகைய ஏற்பாடு வைத்திருக்கும் மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கணனியை இரண்டு நாள் அணைத்து வையுங்கள். மூன்றாம் நாள் மின்சாரத்தோடு இணைத்துத் திறந்து, அரைமணி நேரம் பொறுங்கள். கடிதம் வந்தால் நன்று. வராவிட்டால், முதலில் படங்களையும் பாடக்குறிப்புகளையும் வேறொரு வட்டிற் பிரதி எடுத்து வைத்துவிட்டு, பிறகு காரணத்தைத் தேடுங்கள்.