பாவைக்கு உயிரூட்டிய கைகள்

1933 ஆம் ஆண்டில் வெளிவந்த 'கிங் கொங்' திரைப்படத்திலே அப்பெருங் குரங்கின் உரோமம் காற்றில்லாமலே சிலிர்ப்பதைக் காணலாம். ஏறக்குறைய 18 அங்குல உயரப் பாவையொன்றை, வில்லிஸ் ஓபிரயன் குழுவினர் ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் சிறிது சிறிதாக அசைத்துப் படம்பிடித்தனர். பாவைமீது போர்த்த முயற்றோலில் அவர்தம் விரல்கள் பட்டமையே திரையிற் சிலிர்ப்பாயிற்று. இதனைக் குறையென்பார் உளர். யான் அங்ஙனங் கருதேன்.

அவர் மாணாக்கரான ரே ஹரிஹவுசன், 1963 இல் வந்த 'ஜேசனும் ஆர்கோ வீரரும்' என்னும் படத்தில் ஏழு எலும்புக்கூடுகளை மூன்று வீரருடன் வாட்போர் புரியச் செய்தார். சில நிமிடங்களே நிகழும் அக்காட்சிக்கு நான்கரை மாதங்கள் சென்றன. செக்கனுக்கு 24 சட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏழு உருவங்களின் தலை, கை, கால், வாள் யாவற்றின் நிலையையும் அவர் ஒருவரே நினைவில் வைத்து நகர்த்தினார். என்னே பொறுமை!

கணினியைப் பழிப்பது என் நோக்கமன்று. 1993 இல் 'ஜுராசிக் பார்க்' விலங்குகளைக் கணினி நடமாடச் செய்தபொழுதும், பாவையசைப்பில் வல்லவரான பில் டிப்பெற் என்பாரையே மேற்பார்வைக்கு அமர்த்தினர். விலங்கு எங்ஙனம் காலூன்றித் திரும்பும் என்பதை அவரன்றோ அறிவார்! அத்தகைய கண் வாய்க்காத படங்களிலே ஆயிரம் வீரர் மோதினும் நம் மனம் அசைவதில்லை.

கைத்தொலைபேசியிற் குறும்படம் ஆக்கும் நம் மாணவர், களிமண்ணுங் கம்பியுங் கொண்டு ஒரு நிமிடப் படமேனும் எடுத்துப் பார்ப்பாராக. வேண்டுவன 1440 சட்டங்கள். ஒரு தவணை விடுமுறை போதும்.