பெண்களை வரவேற்கப் பையன்களின் பார்ட்டி எதற்கு?

மலையிலிருந்து பெண் பிள்ளைகளைக் கீழே கல்லூரிக்கு அனுப்பியிருக்கும் பெற்றோரே, உங்களிடம் கொஞ்சம் கோபமாகத்தான் பேசப் போகிறேன். ஜமுனாமரத்தூர், புதூர்நாடு, நெல்லிவாசல் எந்தப் பக்கமாக இருந்தாலும் இது உங்கள் வீட்டு விஷயம்.

வருடா வருடம் முதலாமாண்டு வகுப்பு தொடங்கிய சில வாரங்களில் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் பக்கக் கல்லூரிகளில் ‘ஃப்ரெஷர்ஸ் டே’ வருகிறது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு மூத்த மாணவிகள் பூ கொடுத்து, பாட்டுப் பாட வைத்து, பிரியாணிப் பொட்டலம் கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல பழக்கம். முதல் தடவையாக வீட்டை விட்டு விடுதியில் படுத்து, இரவெல்லாம் அழுத பெண்ணுக்கு “அக்கா நாங்க இருக்கோம்டி” என்று ஒருத்தி சொல்வது சாதாரணமா? அந்த விழா வேண்டும்.

என் கோபம் அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. விழா முடிந்த சாயங்காலம் “சீனியர் அண்ணனுங்க ட்ரீட் குடுக்கறாங்க” என்று இன்னொன்று தொடங்குகிறது. அது கல்லூரிக்குள் நடப்பதில்லை. யாரோ ஒருவனுடைய வாடகை அறை, பைபாஸ் ஓரத்து ஓட்டல், கொஞ்சம் காசுள்ள கூட்டமென்றால் ஏலகிரியில் ஒரு காட்டேஜ். ஆசிரியர் யாரும் அங்கே இருப்பதில்லை. பாட்டில் இருக்கும். பெண்கள் விழாவுக்கு வாலாக இதை ஒட்டிவிட்டு, “வரலைன்னா செட்டுல சேத்துக்க மாட்டாங்க” என்று புதுப் பெண்ணிடம் சொல்வார்கள்.

என் மகள் விடுதியில் சேர்ந்த சில வாரங்களில் ஐந்நூறு ரூபாய் கேட்டு ஃபோன் செய்தாள். எதற்கு என்றேன். “எல்லாரும் தர்றாங்கம்மா.” எங்கே, யார் நடத்துவது, எத்தனை மணிக்கு முடியும், எதில் திரும்பி வருவீங்க என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதல் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் மட்டும்தான் பதில் இருந்தது. கடைசிக் கேள்விக்கு, “அண்ணனுங்க பைக்ல விட்டுடுவாங்களாம்” என்றாள். நீ போக வேண்டாம் என்பதற்கு முன்னால், கேட்டதற்குச் சந்தோஷம் கண்ணு என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குத்தான் இந்தக் கடிதமே.

ஐந்நூறு ரூபாயைக் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். அரசுப் பள்ளியில் படித்துப் போன நம் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வருவது 1000 ரூபாய். அதில் பாதி. நாம் புளி உலுக்கி, சாமை அறுத்து, இறக்கி விற்று அனுப்புகிற பணத்திலிருந்து பையன்கள் பார்ட்டிக்கு அந்த ஐந்நூறு போகிறது.

பணம் போகட்டும். யோசித்துப் பாருங்கள், அந்த இடம் யாருடையது? என்ன குடிக்க வைக்கிறார்கள் என்று தீர்மானிப்பது யார்? விடுதிக் கதவு சாத்தும் நேரம் தாண்டிவிட்டால் அவளைக் கொண்டு வந்து விடும் வண்டியின் சாவி யார் கையில்? மூன்றுமே பையன்கள் கையில் இருக்கிற இடத்தில் பதினேழு வயதுப் பெண் ‘வேண்டாம்’ என்று எந்தத் தைரியத்தில் சொல்வாள்? பையன்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பத்தில் ஒன்பது பேர் நல்ல பிள்ளைகளாகவே இருக்கலாம். அந்த ஒருவனுக்கு எல்லாவற்றையும் தோதாக அமைத்துக் கொடுக்கிறது இந்த ஏற்பாடு.

இது மலைக்காரர்களின் பயம், நகரத்துக்குத் தெரியாதது என்று நினைக்காதீர்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவிகளுக்கென்று ‘சொரோரிட்டி’ என்ற சங்கங்களும் மாணவர்களுக்கென்று ‘ஃபிரட்டர்னிட்டி’ என்ற சங்கங்களும் உண்டு. புதுப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் நாளைப் ‘பிட் டே’ என்று பெரிதாகக் கொண்டாடுவார்கள். அந்தப் பெண்கள் சங்கங்களுக்கு 1902-லிருந்து ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. புதியவர்களைச் சேர்க்கும் அந்த நாள் நிகழ்ச்சிகளில் மதுவும் கூடாது, ஆண்களும் கலந்துகொள்ளக் கூடாது என்பது அதன் விதி. பெண் சுதந்திரம் பேசுகிற நாட்டில், பெண்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட விதி. இருந்தும் அந்த விதிக்கு வெளியே, கொண்டாட்டம் பையன்கள் சங்க வீட்டுக்குப் போய்விடுவது அங்கே தீராத தொல்லையாக இருக்கிறது. பெண்கள் சங்க வீட்டில் மது கிடையாது, பையன்கள் சங்க வீட்டில் உண்டு. அதே கதைதான். பையன்களுக்கும் அந்த இரவுகள் நல்லது செய்யவில்லை. 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் சங்கம் புதியவர்களைச் சேர்த்த இரவில் 19 வயதுப் பையன் ஒருவனை அளவு மீறிக் குடிக்க வைத்தார்கள். படிக்கட்டில் விழுந்து அடிபட்டான். மணிக்கணக்கில் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. செத்துப் போனான்.

நம் பக்கத்துக்கு வாருங்கள். 2022 நவம்பரில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி விடுதியில் புது மாணவர்களை அரைகுறை உடையில் நடக்க வைத்த வீடியோ வெளியே வந்து, ஏழு சீனியர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அடுத்த வருடம் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில், மது வாங்கப் பணம் தர மறுத்த ஜூனியரை அடித்து மொட்டையடித்ததாக ஏழு மாணவர்கள் கைதானார்கள். பார்ட்டிக்குப் பணம் தர மறுப்பது சின்ன விஷயமா என்று இனி யாரும் கேட்காதீர்கள்.

இப்போது உங்களைத் திட்ட வேண்டிய இடம். அட்மிஷன் சமயத்தில் போளூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நம் மலைக்காரர் ஒருவர், பக்கத்தில் அவர் பெண். கடைக்காரத் தம்பி தாளை நீட்டி, “இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு போடுங்க” என்றான். அவர் அவன் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். என்ன தாள் என்று அவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அது ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் கொண்டுவந்த விதிகளின்படி மாணவரும் பெற்றோரும் தனித்தனியாக ஒவ்வொரு வருடமும் கொடுக்க வேண்டியது.

அந்த விதிகளில் என்ன இருக்கிறது தெரியுமா? புது மாணவரிடம் பணம் பிடுங்குவதும், வலுக்கட்டாயமாகச் செலவு வைப்பதும் ராகிங் என்று எழுதியிருக்கிறது. ஐந்நூறு ரூபாய் கேட்டு ஒதுக்கிவைப்பேன் என்று மிரட்டினால் அது அதற்குள் வரும். வரவேற்பு விழா எப்படி இருக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது: சீனியர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து, துறை வாரியாக, முடிந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள், ஆசிரியர்கள் முன்னிலையில், புதியவர்களின் கூச்சம் போகும்படி நடத்த வேண்டும். இப்படி ஒரு விழாவை நம் பெண்ணுக்குச் சட்டமே கொடுத்திருக்கும்போது காட்டேஜ் எதற்கு? தமிழ்நாட்டில் 1997-லிருந்தே ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. இரண்டு வருடம் வரை சிறை, பத்தாயிரம் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம். மது குடிக்க இங்கே 21 வயது ஆக வேண்டும். முதல் வருடத்தில் நம் பெண்கள் பலருக்கு 18 கூட முடிந்திருக்காது. அவர்கள் சட்டப்படி குழந்தைகள். இவ்வளவும் தெரியாமல் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

இன்னும் மோசம், தெரிந்த பிறகு நீங்கள் செய்வது. விடுதியில் ஏதாவது நடந்தது என்று கேள்விப்பட்டால், “படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், இட்டுக்கினு வந்துடு” என்கிறீர்கள். அடுத்த தையில் கல்யாணம். தப்பு செய்தவன் அங்கேயே உட்கார்ந்து பட்டம் வாங்குகிறான். நம் பெண் திரும்பி வந்து மாடு மேய்க்கிறாள். இதைப் பார்க்கிற மற்றப் பெண்கள் என்ன கற்றுக்கொள்வார்கள்? வீட்டில் வாய் திறக்கக் கூடாது என்று கற்றுக்கொள்வார்கள். பணம் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள், பைக்கில் ஏறச் சொன்னாலும் சொல்ல மாட்டார்கள். சீனியர்களுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்? பெண்களின் வாயை அடைத்து வைத்திருப்பது நீங்கள்தான்.

புலியூர் ஸ்ரீபதியை எல்லாருக்கும் தெரியும். குழந்தை பெற்ற சில நாட்களில் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதி, 2024-இல் சிவில் நீதிபதியாகத் தேர்வானார். நம் மலையின் பெருமை என்று படத்தை வாட்ஸ்அப்பில் வைத்தோம். அந்தப் பெண்ணோடு வீட்டார் கூடவே நின்றார்கள், அதனால் போனார். ஸ்டேட்டஸ் வைத்தவர்களில் எத்தனை பேர் நம் பெண்ணோடு கூட நிற்கிறோம்?

பையனைப் பெற்றவர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம் படிக்கிற உங்கள் மகன்தான் அந்த ‘சீனியர் அண்ணன்’. பெண்ணிடம் எங்கே போனாய் என்று ஆயிரம் கேள்வி கேட்கும் வீட்டில் பையனிடம் ஒன்று கூடக் கேட்பதில்லை. ஜூனியரிடம் காசு வசூல் பண்ணினாயா என்று கேளுங்கள். வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். பெண்கள் விழாவை அவர்களே நடத்திக்கொள்ளட்டும், உனக்கு அங்கே வேலை இல்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். போலீஸ் சொல்வதற்கு முன்னால் அப்பா சொல்வது நல்லது.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு: மலையில் பல ஊர்களில் சிக்னல் கிடைக்காது, தெரியும். வாரச் சந்தைக்கு இறங்கும் நாளிலாவது ஃபோன் செய்யுங்கள். சாப்பிட்டியா என்பதோடு நிறுத்தாமல் ஃப்ரெஷர்ஸ் டே எப்போது, யார் நடத்துகிறார்கள், மிஸ் யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். அவள் எதைச் சொன்னாலும் படிப்பை நிறுத்த மாட்டேன் என்று முதலிலேயே வாக்குக் கொடுங்கள். விடுதிக் காப்பாளர் நம்பரை வாங்கி வையுங்கள். வெளியே பார்ட்டிக்குப் பணம் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் நாலு பெற்றோர் சேர்ந்து போய் முதல்வரைப் பாருங்கள். ஒருவராகப் போனால் நாற்காலி கூடப் போட மாட்டார்கள், சேர்ந்தே போங்கள். கல்லூரி கேட்கவில்லையென்றால் ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522, காசு கிடையாது, இரவிலும் எடுப்பார்கள். பெண்களுக்கான உதவிக்கு 181. இரண்டையும் இன்றைக்கே அவள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.