அம்மிக்கல் எட்டாத இடம்

சேலம் அரசு மருத்துவமனையின் மகப்பேறு வார்டு வாசலிலோ, ராசிபுரம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத் திண்ணையிலோ அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இந்த வசனம் காதில் விழாமல் போகாது: "எங்க காலத்துல இதெல்லாம் உண்டுங்களா? காட்டுல களை வெட்டிக்கிட்டு இருந்தப்ப வலி கண்டுச்சு. வரப்போரமாப் பெத்து, சீலையில சுத்தி எடுத்துக்கிட்டு ஊட்டுக்கு வந்துட்டேன். இவ என்னடான்னா ரெண்டு நாளா வலி வலின்னு கெடக்கறா. குனிஞ்சு நிமிந்து ஒரு வேலை செஞ்சிருந்தாத்தானுங்களே!" சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். உள்ளே படுத்திருக்கும் பெண்ணுக்காகப் பரிந்து பேச அங்கே ஒருவரும் இருப்பதில்லை.

உழைத்த உடம்புக்குச் சட்டென்று பிறக்கும், உட்கார்ந்து தின்ற உடம்புக்கு இழுத்தடிக்கும் என்ற இந்த நம்பிக்கை கிழவிகளோடு போய்விடவில்லை. வாட்ஸ்அப்பில் வருகிறது, பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்குகிறது, வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் சிலர் வாயிலும் கேட்கிறது. இதில் இருக்கும் உண்மை ஒரு சிட்டிகை. மீதி அத்தனையும் பெண்ணின் தலையில் கட்டிய பழி.

வரப்போரக் கதை சொல்லும் பாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "அது உங்களுக்கு எத்தனாவதுங்க ஆத்தா?" நாலாவது, ஐந்தாவது என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். தலைச்சன் பிள்ளையை வரப்பில் பெற்றதாகச் சொல்பவர் அரிது. பிரசவ நேரத்தைத் தீர்மானிப்பதில் இதைவிடப் பெரிய விஷயம் வேறில்லை. முதல் பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் முதலில் மெலிந்து, அதன்பிறகே விரியத் தொடங்குகிறது. ஒருமுறை விரிந்து பழகிய வாயில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. பிறப்புப் பாதையின் தசைகளும் முன்பு ஒருமுறை இடம் கொடுத்தவை. அதனால்தான் அடுத்தடுத்த பிள்ளைகள் ஆம்புலன்ஸிலும் ஆட்டோவிலும் பிறந்துவிடுகின்றன.

இப்போது கணக்கைப் போடுங்கள். ஆறு பெற்றவளுக்கு ஆறில் ஒன்றுதான் தலைப்பிரசவம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறுவது 1.8 குழந்தை, அதாவது நடக்கும் பிரசவங்களில் ஏறக்குறைய பாதி தலைப்பிரசவம். பாட்டியின் ஐந்தாவதையும் பேத்தியின் முதலாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, நடுவில் அம்மிக்கல்லைக் கொண்டுவந்து போடுகிறோம்.

அந்தத் தலைப்பிரசவத்தை அந்தக் காலத்தில் யார் பார்த்தார்கள்? கொங்குப் பக்கத்தில் கட்டுச்சோறு விருந்து முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். ஒன்றரை நாள் அவள் தாழ்வாரத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது பெற்றவளுக்கும் மருத்துவச்சிக்கும்தான் தெரியும். மாமியார் வீட்டார் பார்த்ததெல்லாம் அடுத்தடுத்த பிரசவங்களை. ஆகவே ‘இந்த வீட்டில் பெண்கள் சுலபமாகப் பெற்றார்கள்’ என்று அந்த வீட்டார் நம்புவதில் வியப்பில்லை.

கடிகாரத்திலும் ஒரு தில்லுமுல்லு இருக்கிறது. வலி எப்போது தொடங்கியது என்று எங்கிருந்து எண்ணுவது? காட்டு வேலையில் இருந்தவள் முதுகு கடுப்பதையும் அடிவயிறு இறுகி இறுகி விடுவதையும் பல மணி நேரம் பொருட்படுத்தாமல் களை வெட்டிக்கொண்டே இருந்திருப்பாள். தாங்க முடியாத கட்டத்திலிருந்துதான் அவள் கணக்கு தொடங்குகிறது. இன்றைய பெண்ணுக்கோ முதல் சுருக்கென்ற வலியிலேயே ஆஸ்பத்திரிச் சீட்டில் நேரம் எழுதியாகிறது. பழைய மருத்துவச்சிகள் இந்த வித்தியாசம் தெரிந்தவர்கள். சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்து, "சூட்டு வலின்னா அடங்கிரும், புள்ளை வலின்னா கூடும், பொறு" என்றார்கள். கஷாயத்தின் மகிமை என்னவோ, பொறுத்திருந்தது சரியான வைத்தியம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரைகளில், வலி மும்முரமாகும் கட்டம் கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே தொடங்குகிறது என்கிறது. அங்கிருந்து முழுதாகத் திறக்க, தலைப்பிரசவத்தில் 12 மணி நேரம்வரை, அடுத்தவற்றில் 10 மணி நேரம்வரை ஆகலாம். அதற்கு முந்தைய கட்டத்துக்கோ நிலையான அளவே இல்லை, பெண்ணுக்குப் பெண் வெகுவாக மாறும் என்று அந்த நிறுவனமே எழுதிவைத்திருக்கிறது. "ரெண்டு விரல்தான் திறந்திருக்கு" என்று நர்ஸ் சொன்னதும் வெளியே முணுமுணுப்பு கிளம்புகிறதே, அந்த இரண்டு விரல் இந்த அளவில்லாத கட்டத்தைச் சேர்ந்தது.

சரி, உழைப்பு கர்ப்பப்பையைப் பலப்படுத்தாதா? கையும் தொடையும் நாம் சொன்னபடி கேட்கும் தசைகள், பழக்கினால் உரமேறும். கர்ப்பப்பை அந்த வகையல்ல. குடலைப்போல, தானாக இயங்கும் தசை அது. அம்மி அரைத்தால் புஜம் திரளும், களை வெட்டினால் தொடை இறுகும். கர்ப்பப்பைக்கு அந்தச் சேதி போவதே இல்லை. வலியின் வேகத்தைத் தீர்மானிப்பவை ஆக்சிடோசின் முதலான சுரப்புகளும், அவற்றுக்குக் கர்ப்பப்பை செவிசாய்க்கும் விதமும். இவற்றோடு தாயின் வயது, எடை, உயரம், இடுப்பெலும்பின் வாகு, குழந்தையின் பருமன், வலி தானாக வந்ததா மருந்து வைத்து வரவழைத்ததா என்பதெல்லாம் சேர்கிறது.

எல்லாவற்றுக்கும் மேல், பிள்ளையின் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. தாயின் முதுகுத்தண்டைப் பார்த்தபடி, நாடியை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்து வரும் தலைக்குச் சுற்றளவு குறைவு; வழுக்கிக்கொண்டு இறங்கும். தாயின் வயிற்றுப் பக்கம் முகம் வைத்து வரும் தலை, பாதி வழியில் திரும்பியாக வேண்டும். பெரும்பாலானவை திரும்பிவிடுகின்றன, ஆனால் மணிக்கணக்கில் நேரம் எடுத்துக்கொண்டு. அந்த நேரமெல்லாம் தாய்க்கு இடுப்பு முறிகிற வலி முதுகில். திரும்பாத தலையும் சில உண்டு. பிள்ளை எப்படித் திரும்பிப் படுத்திருக்கிறது என்பதற்கு மருமகள் வாசல் பெருக்கவில்லை என்பதா காரணம்?

இதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். குனிந்து வீடு துடைத்தால் பிள்ளை சரியாகத் திரும்பும் என்ற பேச்சு நம் ஊரில் மட்டும் இல்லை. 2004-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் 2,547 கர்ப்பிணிகளை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணியை 37-ஆம் வாரத்திலிருந்து நாள்தோறும் கையும் முழங்காலும் ஊன்றி, இடுப்பை அசைத்துப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். பிரசவத்தில் பிள்ளையின் தலை தப்பாக நின்ற அளவு இரண்டு அணியிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

உண்மையில் கடும் உழைப்பின் கதை நேர்மாறானது. சிறுவயதில் அரைவயிற்றுச் சோற்றோடு சுமை தூக்கி வளர்ந்த உடம்பு குட்டையாக நின்றுபோகும், இடுப்புக்கூடும் குறுகிவிடும். பெண்ணின் இடுப்பெலும்பு உயரம் நின்ற பிறகும் சில ஆண்டுகள் வளர்கிறது. பதினான்கு பதினைந்தில் கட்டிக்கொடுத்தால் அது முடிவதற்குள் பிரசவம். தலை இறங்க வழியில்லாமல் பிரசவம் அடைத்துக்கொள்வது இந்த உடம்புகளுக்குத்தான் அதிகம் நேர்ந்தது. கர்ப்ப காலத்தில் நெடுநேரம் நிற்பதும் கனத்ததைத் தூக்குவதும் குறைப்பிரசவ ஆபத்தைச் சற்றுக் கூட்டுகின்றன என்பதும் தெரிந்ததே. திருச்செங்கோடு, குமாரபாளையம் பக்கம் விசைத்தறியில் ஷிப்டு முழுக்க நிற்கும் பெண்ணையும், சேகோ ஆலையில் மரவள்ளி தோலுரிக்கும் பெண்ணையும் நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருப்பவர்களைவிட உழைக்கும் பெண்கள் நாமக்கல் மாவட்டத்தில் யார்? உழைப்பே பிரசவத்தைச் சுலபமாக்கும் என்றால் அவர்களில் ஒருத்திக்கும் மலையிறங்க வேண்டிய அவசியம் வந்திருக்கக்கூடாது.

வரப்பில் பெற்றுப் பிழைத்தவள்தான் கதை சொல்லத் திரும்பி வந்தாள். திரும்பாதவள் கதை எங்கே? ‘பிரசவத்துல போயிட்டா’ என்ற இரண்டு சொல்லில் முடிந்துபோனது. பழங்காலத்தை விடுங்கள். 2001-03-இல்கூட தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த 1 லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-இல் அது 54. இடைப்பட்ட காலத்தில் நம் பெண்கள் அதிகமாக மாவாட்டியதால் குறைந்ததா இது?

மருத்துவர்களையும் விட்டுவைப்பதற்கில்லை. 1955-இல் அமெரிக்க மருத்துவர் எமானுவேல் ஃபிரீட்மன் தலைப்பிரசவக்காரிகள் 500 பேரின் வலி நேரத்தை வரைபடமாகப் போட்டார். 1972-இல் ஃபில்பாட், காஸில் என்ற இருவர் இன்றைய ஹராரேயில் அதைப் பார்ட்டோகிராப் என்ற ஒற்றைத் தாளாக்கினார்கள். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அதில் ஒரு கோடு. தொலைவில் உள்ள மருத்துவச்சி, எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று அறிந்துகொள்வதற்கான கோடு அது; அருமையான உபாயம். ஆனால் போகப் போக அந்த ஒரு சென்டிமீட்டர், எல்லாப் பெண்ணும் பாஸாக வேண்டிய மார்க்காகிவிட்டது. 2010-இல் 62,415 அமெரிக்கப் பெண்களின் பிரசவப் பதிவுகளை ஆராய்ந்தபோது, 4-லிருந்து 5 சென்டிமீட்டர் திறக்கவே 6 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டும் நல்லபடியாகப் பெற்றவர்கள் இருந்தார்கள். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது பல பெண்களுக்குப் பொருந்தாத வேகம் என்று உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டது 2018-இல்தான்.

இந்த அவசரமும் அந்தப் பழியும் கைகோத்துக்கொள்ளும் இடம் அறுவை அரங்கம். தமிழ்நாட்டில் சிசேரியன் 2015-16-இல் நூற்றுக்கு 34.1, 2019-21-இல் 44.9. தேசிய குடும்ப நல ஆய்வின் கணக்கு இது. ஐந்தே ஆண்டில் ஒரு மாநிலத்துப் பெண்கள் அத்தனை பேரும் சோம்பேறி ஆகிவிட்டார்களா? எல்லாம் கிரைண்டர் செய்த வேலை என்பார்கள். இருக்கட்டும், 2011 முதல் அரசே வீட்டுக்கு வீடு கொடுத்த அந்தக் கிரைண்டர், அரசு மருத்துவமனையில் நூற்றுக்கு 36, தனியாரில் 63.8 என்று ஆள் பார்த்து வேலை செய்வது எப்படி? தனியாரிடம் போகிறவர்கள் வயதிலும் வசதியிலும் சற்று வேறுபட்டவர்கள் என்று கழித்தாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது. ‘உங்க பொண்ணுக்கு முக்கத் தெம்பில்லை’ என்ற ஒரு வார்த்தையில் பில்லும் நியாயமாகிவிடுகிறது, வீட்டாரும் மருமகளை முறைத்துக்கொண்டு பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

இதன் மறுகோடி இன்னும் பயங்கரம். இயற்கையாகப் பெற முடியாதவள் பெண்ணா என்ற வீம்பு முற்றி, 2018-இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய், ரத்தப்போக்கில் ஓர் இளம் தாய் இறந்தார். அது அவருக்கு இரண்டாவது பிரசவம்.

அந்தச் சிட்டிகை உண்மையையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்ப காலத்தில் நடப்பதும் அளவான உடற்பயிற்சியும் நல்லவை. சர்க்கரையையும் எடையையும் கட்டுக்குள் வைக்கும். வலி நேரத்தை ஓரளவு குறைத்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, வித்தியாசமே இல்லை என்று வேறு சில. ஆனால் நிச்சயமாகக் குறைப்பவை வேறு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கைகளின்படி, வலி நேரத்தில் படுக்காமல் நின்று, நடந்து, உட்கார்ந்து இருந்தவர்களுக்கு முதல் கட்டம் சராசரி 1 மணி 22 நிமிடம் குறைந்தது. கூடவே ஒருவர் இருந்து கையைப் பிடித்துத் தைரியம் சொன்னவர்களுக்குச் சுமார் 40 நிமிடம் குறைந்தது, சிசேரியனும் குறைந்தது. காவிரியில் வெள்ளம் வந்து தாய் வர முடியாமல் போனபோது சிவனே தாயாக வந்து ரத்னாவதிக்குப் பிரசவம் பார்த்தார் என்கிறது திருச்சி மலைக்கோட்டைத் தலபுராணம். தாயுமானவர் வந்து பக்கத்தில் நின்றதாகத்தான் கதை. ‘ஒழுங்காக மாவாட்டினாயா’ என்று விசாரித்ததாக இல்லை.

பிரசவ அறைக்குள் உறவுப்பெண் ஒருவர் உடனிருக்கலாம் என்று தமிழ்நாடு அரசு தன் மருத்துவமனைகளில் 2004-லேயே வழிசெய்தது. உள்ளே போகிறவர் "முக்குடி, சத்தம் போடாதே" என்று அதட்டப் போகிறாரா, இடுப்பைத் தடவிவிட்டு நடக்கவைக்கப் போகிறாரா என்பது வேறு விஷயம். நடக்கவைக்க நினைத்தாலும், மல்லாக்கப் படுக்கவைத்து, கையில் வலி ஊசிக்கான டிரிப்ஸையும் குத்திவிட்டால் அவள் எழுந்து நடப்பது எப்படி? கேட்டால் ஆள் போதாது என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆள் போதாததற்கும் அவள் அம்மி அரைக்காததுதான் காரணமா?