'இயல்பான மழை' அறிவிப்பும் கவனிக்கப்படாத 51 சதவீதமும்

தென்மேற்குப் பருவமழை குறித்த முதல்கட்ட முன்னறிவிப்பை இந்திய வானிலை ஆய்வு மையம் ஆண்டுதோறும் ஏப்ரலில் வெளியிடுகிறது. அதில் இரு வகைச் சதவீதங்கள் இடம்பெறுகின்றன. ஒன்று, எவ்வளவு மழை பெய்யும் என்பது. மற்றொன்று, அது நிகழ எவ்வளவு வாய்ப்பு உள்ளது என்பது. தலைப்புச் செய்தியாவது பெரும்பாலும் முதலாவது மட்டுமே.

2023-ஆம் ஆண்டு இதற்குத் தெளிவான உதாரணம். அவ்வாண்டு பருவமழை நீண்டகால சராசரியில் 96 சதவீதமாக இருக்கும், 5 சதவீதம் கூடவோ குறையவோ செய்யலாம் என ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. 1971 முதல் 2020 வரையிலான கணக்கின்படி அந்தச் சராசரி 87 சென்டிமீட்டர். 96 முதல் 104 சதவீதம் வரை 'இயல்பு' என வகைப்படுத்தப்படுவதால், இயல்பான மழை பெய்யும் என்றே செய்திகள் வெளியாகின.

ஆனால், அதே அறிக்கையின் நிகழ்தகவு அட்டவணை வேறு விதமாக இருந்தது. இயல்பான மழைக்கு 35 சதவீத வாய்ப்பு; இயல்பைவிடக் குறைவான மழைக்கு 29; பற்றாக்குறைக்கு 22. கடைசி இரண்டையும் கூட்டினால் 51. அதாவது, மழை இயல்புக்குக் கீழே செல்லும் வாய்ப்பே பாதிக்குச் சற்று அதிகம். ஐந்து வகைகளில் தனித்த பெரிய எண்ணாக 35 இருந்ததால் அதுவே கணிப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டது. இறுதியில் பெய்தது 94 சதவீதம். ஆகஸ்டில் மட்டும் 36 சதவீதம் குறைந்து, 1901-க்குப் பிறகு மிக வறண்ட ஆகஸ்டாக அது பதிவானது. பிழை வரம்புக்குள் அடங்கியதால் முன்னறிவிப்பு தவறியதாகக் கூற இயலாது. தவறியது அதை வாசித்த விதமே.

இத்தகைய வாய்ப்பைக் கணக்கிட எளிய வழியும் உண்டு: நிகழ்ந்த ஆண்டுகளின் எண்ணிக்கையை மொத்த ஆண்டுகளால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 2015 முதல் 2024 வரையிலான பத்து ஆண்டுகளில் இயல்பு வரம்புக்குள் அமைந்தவை 2016 (97), 2021 (99) ஆகிய இரண்டே. 2015 (86), 2017 (95), 2018 (91), 2023 (94) ஆகிய நான்கும் அதற்குக் கீழே. 2019 (110), 2020 (109), 2022 (106), 2024 (108) ஆகிய நான்கும் மேலே. ஆக, 'இயல்பான' ஆண்டுக்கான வாய்ப்பு வெறும் 20 சதவீதம்.

நீண்டகாலத் தரவுகளில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பத்தே ஆண்டுகளை எடுத்தால் ஓர் ஆண்டு இடம் மாறினாலும் விடை பத்து புள்ளிகள் மாறிவிடும் என்பதால், 20 என்ற எண்ணைப் பெரிதாக நம்ப வேண்டியதில்லை. மேலும், எல்லா ஆண்டுகளையும் இக்கணக்கு ஒன்றுபோலவே பாவிக்கிறது. எல் நினோ உருவாகும் அறிகுறி தெரிந்த ஆண்டில் அது பொருந்தாது. 2023-இல் அந்த அறிகுறி ஏப்ரலிலேயே தெரிந்திருந்தது.

விதை வாங்கும் விவசாயிக்கும், அணை நீரைத் திறக்கும் அதிகாரிக்கும் 96 என்ற எண்ணைவிட 51 என்ற எண்ணே பயன் தரும். இரண்டில் ஒரு பங்கு ஆபத்து என்றால் குறுகியகாலப் பயிரையோ மாற்று விதையையோ முன்கூட்டியே யோசிக்கலாம். அந்த எண்ணும் நாடு முழுமைக்கானது என்பதே சிக்கல். 108 சதவீத மழை பதிவான 2024-இல்கூட கிழக்கு மற்றும் வடகிழக்கு இந்தியாவுக்குக் கிடைத்தது 86 சதவீதம் மட்டுமே.