அதிபர்களைக் கேட்ட பின் சுற்றுநிருபம் வரட்டும்



2026இல் தொடங்கவிருந்த தரம் 6 கல்விச் சீர்திருத்தம் அவ்வாண்டு ஜனவரியிலேயே 2027இற்கு ஒத்திவைக்கப்பட்டது. அதற்குக் காரணமான ஆங்கிலப் பாடத்தொகுதி பற்றிய சர்ச்சை கொழும்பில் எழுந்தது. ஆனால் நேரசூசியை மாற்ற வேண்டியவர்களும் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் அதிபர்களே. கல்வி அமைச்சு அமைந்துள்ள இசுருபாயவில் எழுதப்படும் சுற்றுநிருபம் மாகாணம், வலயம், கோட்டம் என இறங்கி வருகிறது. அதிபரின் கருத்து மேலே போவதற்கு அத்தகைய நிச்சயமான வழி இல்லை. துணுக்காயிலோ வவுனியா வடக்கிலோ சிறிய பாடசாலையொன்றின் அதிபர் நிர்வாகத்தோடு வகுப்பும் எடுக்கிறார். ஆளணி நிறைந்த நகரப் பாடசாலைக்கென வகுத்த ஒழுங்கு அவருக்குச் சுமையாகிறது.

பரீட்சை நாடு முழுவதற்கும் ஒன்று, ஆகவே கொள்கையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பர். இலக்கு ஒன்றாகவே இருக்கட்டும். அதை அடையும் ஒழுங்கையும் வேகத்தையும் வலயம் தீர்மானிக்கலாம். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் மாகாணத்துக்குக் கல்வியில் பங்கு தந்ததும் இதற்காகவே. கலந்தாலோசனை காலத்தை விழுங்கும் என்போருக்கு, ஓராண்டு ஒத்திவைப்பே பதில். எந்தச் சீர்திருத்தமும் சுற்றுநிருபமாகும் முன், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா அதிபர்களின் கருத்தை வலயந்தோறும் எழுத்தில் பெற்று, அமைச்சின் பதிலோடு வெளியிட வேண்டும்.

வாசகர்,
கிளிநொச்சி