கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போன பத்து நாள்



நாற்பத்தெட்டு ஆண்டுகளாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். குடியிருப்பு சுரக்குடி, கடை காரைக்காலில். இத்தனை ஆண்டுகளில் தொடர்ந்து மூன்று நாள் கடையை அடைத்தது ஒரே ஒரு முறைதான். அது என் தகப்பனார் காலமானபோது. கொரோனா ஊரடங்கிலும் மளிகைக் கடை என்பதால் அனுமதித்த நேரத்தில் திறந்து வைத்திருந்தோம். இதைப் பெருமையாகவே எல்லோரிடமும் சொல்லி வந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. அதற்கான காரணத்தை நம் இதழின் மூலம் தெரிவித்துக் கொள்ள விரும்புகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் பத்து நாள் கடையைப் பூட்டிவிட்டு, மனைவி, மகன், மருமகள், பன்னிரண்டு வயதுப் பேத்தி, எட்டு வயதுப் பேரன் ஆகியோருடன் வியட்நாம் போய் வந்தேன். “இந்த வயதில் இது தேவையா?” என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. “மொத்த வியாபாரிக்குப் பணம் புரள்கிறது” என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களும் உண்டு. இரு சாராருக்கும் இங்கே பதில் சொல்கிறேன்.

ஏன் வியட்நாம்? நம் பகுதியில் வயதானவர்களுக்கு அது வியட்நாம் அல்ல, ‘சைகோன்’. 1881-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரெஞ்சு உரிமை பெற்றவர்கள் அங்கே அரசு வேலைக்குப் போனார்கள். சிலர் சொல்தாவாகப் போனார்கள். இஸ்லாமிய வணிகர்கள் துணிக்கடை வைத்தார்கள். செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். இந்தோசீனா வங்கிக்குப் புதுச்சேரியிலேயே கிளை இருந்தது என்றால் போக்குவரத்து எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக் கொள்ளுங்கள். என் பெரியப்பாவும் பதினெட்டு வயதில் அங்கே ஒரு துணிக்கடைக்குக் கணக்கெழுதப் போனவர். எங்கள் வீட்டு முன்கட்டு அவர் அனுப்பிய பணத்தில் எழுந்தது. பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவை இழந்ததும் நம் காரைக்கால் இந்திய நிர்வாகத்துக்கு வந்ததும் ஒரே ஆண்டில், 1954-இல். அதற்கடுத்த ஆண்டு ஒரு தகரப் பெட்டியோடு பெரியப்பா திரும்பி வந்தார். அந்த ஊரைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதில்லை. எங்களுக்குக் கடை வேலை இருந்தது. 1980-களில் அவர் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கதையும் அவரோடு போய்விட்டது.

திருச்சியிலிருந்து அங்கே நேரடி விமானம் 2023-இல் தொடங்கியது. விசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பித்தோம்; குழந்தைகளுக்கும் தனித்தனியே எடுக்க வேண்டும். திருச்சியில் ஏறி ஐந்து மணி நேரத்துக்குள் ஹோ சி மின் நகரில் இறங்கினோம். 1976 முதல் சைகோனுக்கு அதுதான் பெயர். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் காசு சுமார் 300 டாங். இளநீருக்கு இருபதாயிரம் என்றதும் பேரன் பயந்து போனான். “மூன்று சுழியை அடித்துவிட்டு, மிச்சத்தை மூன்றரையால் பெருக்கு” என்று சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் முதல் எங்கள் பட்டுவாடா முழுவதும் அவன் வாய்க்கணக்கில் நடந்தது. வகுப்பில் பெருக்கலுக்கு அழுகிற பிள்ளை அவன்.

சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாடுவோம் என்று மனைவி ஒரு பை நிறையப் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கட்டி வந்தார். அங்கே ‘சாய்’ என்றால் சைவம். பௌத்தர்களில் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் புலால் உண்பதில்லை என்பதால் சைவக் கடைகள் நிறையவே இருக்கின்றன. கொண்டு போன பொடியில் பாதி அப்படியே திரும்பி வந்தது.

பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில். உள்ளே கும்பிட்டுக் கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர் மக்கள். அம்மன் சந்நிதியின் பின்புறக் கல்லில் நெற்றியை வைத்து முணுமுணுவென்று வேண்டிக் கொள்கிறார்கள். செட்டியார்கள் கட்டிய தெண்டாயுதபாணி கோயிலையும், தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் கட்டிய பள்ளிவாசலையும் பார்த்தோம். கட்டியவர்கள் போய்விட்டார்கள், கட்டியது நிற்கிறது. பெரியப்பா இந்த அம்மனுக்கு முன் எத்தனை முறை நின்றிருப்பாரோ என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. “என்ன தாத்தா?” என்று பேத்தி கேட்டாள். அங்கேயே பிரகாரத்தில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த வரையில் கதையைச் சொன்னேன். என் மகனுக்கும் அதுதான் முதல் முறை. நாற்பத்தொரு வயது மகனுக்குக் குடும்பக் கதையைச் சொல்ல எனக்குச் சைகோன் வரை போக வேண்டியிருந்தது.

நம்மைப் போன்ற வியாபாரிகள் தெரிந்து கொள்ள வேண்டிய செய்தி ஒன்றும் அங்கே உண்டு. 1975-இல் போர் முடிந்து, 1978-இல் தென்பகுதியில் தனியார் வணிகத்தையே அரசு ஒழித்தது. 1986-இல் ‘டோய் மோய்’ என்னும் சீர்திருத்தத்தின் வழியாக அது மீண்டும் உயிர் பெற்றது. இன்று உலகில் மிளகு ஏற்றுமதியில் முதலிடம் வியட்நாமுக்குத்தான். அந்த மிளகின் விலை சரிந்து நம் மிளகை அடித்ததால்தான் 2017 டிசம்பரில் நம் அரசு கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகு இறக்குமதியைத் தடுத்தது. நம் கடைப் பட்டையிலும் அன்னாசிப்பூவிலும் அந்த நாட்டுச் சரக்கு உண்டு. மூட்டையை மட்டுமே பார்த்த நான் அது விளையும் நாட்டை அறுபத்தைந்தாம் வயதில் பார்த்தேன்.

மேகாங் ஆற்றுப் படுகையில் கான் தோ என்ற ஊர். நம் காவிரிக் கடைமடையைப் போலவே வயலும் வாய்க்காலும் தென்னையும். அங்கே காய் ராங் என்ற மிதக்கும் சந்தைக்கு விடியற்காலை படகில் போனோம். மொத்த வியாபாரி பெரிய படகில் சரக்கோடு நிற்கிறார். என்ன சரக்கு என்று தெரிய ஒரு மூங்கில் கழியின் உச்சியில் ஒரு பூசணியையோ அன்னாசியையோ கட்டித் தொங்க விடுகிறார். அதுதான் பெயர்ப்பலகை. சில்லறை வியாபாரிகள் சிறு படகில் வந்து வாங்கிப் போகிறார்கள். “தாத்தா, அந்தப் பெரிய படகு நீங்களா?” என்றாள் பேத்தி. ஆமாம் என்றேன். சாலையும் பாலமும் பேரங்காடியும் வந்த பிறகு படகுகள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றன என்று வழிகாட்டிப் பையன் சொன்னான். 2016-இல் அந்தச் சந்தையைத் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தார்களாம். படகில் வீட்டார் எல்லோரும் இருந்தார்கள். ஆனால் பிள்ளைகள் பட்டணத்துத் தொழிற்சாலை வேலைக்குப் போக விரும்புவதாக அந்த அம்மாள் சொன்னார். என் மகன் ஒன்றும் பேசாமல் தண்ணீரையே பார்த்துக் கொண்டிருந்தான். அவனும் கடையை விட்டுவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போகலாமா என்று இரண்டு ஆண்டுகளாக யோசித்து வருகிறான் என்பது எனக்குத் தெரியும்.

சைகோனிலிருந்து டா நாங்குக்கு 935 கிலோமீட்டர் ரயில் பயணம். குழந்தைகள் தூங்கிய பிறகு மகன் வாய் திறந்தான். “அஞ்சாவது படிக்கிறப்ப தஞ்சாவூர் சுற்றுலாவுக்கு அம்பது ரூபா கேட்டேன். தீபாவளிச் சரக்கு வர்ற நேரம், கடையில ஆள் இல்லைன்னு அனுப்பல. ஞாபகம் இருக்காப்பா?” எனக்கு ஞாபகம் இல்லை. அவனுக்கு இருக்கிறது. அந்த ஆண்டுத் தீபாவளியில் எவ்வளவு லாபம் வந்தது என்பதும் எனக்கு ஞாபகம் இல்லை.

ஹோய் ஆன் என்ற பழைய துறைமுகத்தில் ஃபூஜியன், கான்டன், ஹைனான் என்று ஊர்வாரியாகச் சீன வணிகர்கள் கட்டிய சங்க மண்டபங்கள் இன்றும் இருக்கின்றன. ஆறு தூர்ந்து, கப்பல்கள் டா நாங்குக்குப் போய்விட்டதால் துறைமுகம் வீழ்ந்தது. ஆனால் வணிகர்கள் தங்கள் கதையைக் கட்டடமாக விட்டுப் போயிருக்கிறார்கள். 1999 முதல் அது உலக மரபுச் சின்னம். பக்கத்தில் மி சோன் என்ற இடத்தில் சம்பா மன்னர்கள் கட்டிய சிவாலயங்கள். 1969-இல் அமெரிக்கக் குண்டுகளில் சிதைந்தவற்றுள் சிலவற்றை நம் தொல்லியல் துறை சீரமைத்திருக்கிறது. 2020-இல் அந்தப் பணியின்போது ஒற்றைக் கல்லில் செதுக்கிய லிங்கம் ஒன்று கிடைத்தது.

இனிக் கணக்குக்கு வருகிறேன். பத்து நாள் அடைத்ததில் இரண்டு சில்லறைக் கடைக்காரர்கள் வேறு இடத்தில் சரக்கெடுத்தார்கள். ஒருவர் திரும்பி வந்தார், ஒருவர் வரவில்லை. இரண்டு மூட்டை வெல்லம் இளகிப் போயிற்று. செலவும் கணிசம்தான், மறைக்கவில்லை. மகன் முடிவெடுத்துவிட்டானா என்று கேட்டால், இன்னும் இல்லை. ஆனால் முன்பு என்னிடம் சொல்லாமல் யோசித்தான். இப்போது என் எதிரில் உட்கார்ந்து யோசிக்கிறான். அவன் போனாலும் கோபித்துக் கொள்ள மாட்டேன். எந்தப் பேரேட்டில் இதை வரவு வைப்பது?

எல்லோரும் வியட்நாம் போக வேண்டும் என்பதல்ல என் கருத்து. சிறு கடைக்காரருக்கு அது இயலாது என்பது எனக்கும் தெரியும். தஞ்சாவூர் போங்கள், தரங்கம்பாடி போங்கள். பிள்ளைகளோடு போங்கள், கைபேசியில் கடைக் கணக்குக் கேட்காமல் போங்கள். சனிப்பெயர்ச்சியிலும் மாங்கனித் திருவிழாவிலும் யாரும் கடையை அடைக்க வேண்டாம். கோடை விடுமுறையில் வீதிவாரியாக முறை வைத்து ஐந்து நாள் அடைக்கலாம். ஒருவர் இல்லாத நாளில் அவர் வாடிக்கையாளருக்குப் பக்கத்துக் கடைக்காரர் சரக்குக் கொடுத்து, அவர் வந்ததும் திருப்பி விட வேண்டும். இதற்கு ஓர் ஒழுங்குமுறையை நம் சங்கம் வகுத்தால் பயம் இல்லாமல் பூட்டுப் போடலாம். அடுத்த பொதுக்குழுவில் இதை விவாதத்துக்கு எடுத்துக் கொள்ள வேண்டுமாய் நிர்வாகிகளைப் பணிவுடன் கேட்டுக் கொள்கிறேன்.

பிள்ளைகளுக்காகத்தான் கடை நடத்துகிறோம் என்று எல்லோரும் சொல்கிறோம். அந்தப் பிள்ளைகள் நம் முகத்தைக் கல்லாவுக்குப் பின்னால் மட்டுமே பார்த்து வளர்ந்தால், பிற்பாடு கடையைக் கொடுத்தாலும் வாங்கிக் கொள்ள அவர்களுக்கு மனம் வராது.